போன் பதிவில் இருப்பது யார் குரல்? செந்தூலில் ஒரு குரல் ஒப்பீட்டு அலுவலகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். விலை அதிகம், நாள் பிடிக்கும், அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும். ஆனாலும் ஒரு போன் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு "இது அவன் குரல்தான்" என்று உங்கள் வீட்டு ஆள்மேல் யாராவது பழி போட்டால், கோலாலம்பூரில் நான் பார்த்தவரை நம்பிப் போகக்கூடிய இடம் இது. பெயரைப் போடவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர்கள் என்பதால் வழக்குக் கதைகளோடு தங்கள் பெயர் இணையத்தில் சுற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தனியாகக் கேட்கிறவர்களுக்கு முகவரி தருகிறேன்.

எங்கள் விஷயம் இதுதான். என் தம்பி ஒரு கோவிலின் செயலவையில் இருக்கிறான். ஆண்டுக்கூட்டம் நெருங்கும் நேரத்தில் ஒரு ஒலிப்பதிவு வாட்சாப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஒன்றரை நிமிஷம்கூட வராது. ஓர் ஆண் குரல், நல்ல கோபத்தில், தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, திருவிழாக் கணக்கைத் தான் வேறு மாதிரி முடித்துக்கொள்வதாகச் சொல்கிறது. எதிர்முனையில் ஒருவர் "ம்ம், ம்ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் தம்பியின் பெயரைச் சொன்னார்கள். சொந்தக்காரர்களிலேயே சிலர் சொன்னார்கள். அவன் இல்லவே இல்லை என்கிறான். விசாரணை முடியும்வரை என்று சொல்லி அவனைச் செயலவையிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கோவிலே கதி என்று இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எதிர்த்தரப்பில் ஒருவர் இணையத்தில் ஏதோ ஒரு குரல் ஒப்பீட்டுச் சேவையில் அந்தப் பதிவையும் தம்பி அனுப்பிய ஒரு வாட்சாப் குரல் செய்தியையும் ஏற்றி, "96 விழுக்காடு ஒற்றுமை" என்று வந்த திரையைப் படம் பிடித்து எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டார். கூடவே இரண்டு கறுப்பு வெள்ளைக் குரல் படங்கள் பக்கத்துப் பக்கத்தில். நானும் அதே தளத்தில் அந்தப் பதிவையும் என் குரலையும் ஏற்றிப் பார்த்தேன். எனக்கும் தொண்ணூறைத் தாண்டி வந்தது. அண்ணன் தம்பி குரல் ஒத்துப்போவது சாதாரண விஷயம், ஆனால் காரணம் அது மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் லாயர்தான் செந்தூல் அலுவலகத்தைச் சொன்னார். அரசு அமைப்பான சைபர்செக்யூரிட்டி மலேசியாவில் டிஜிட்டல் தடயவியல் பிரிவு இருக்கிறது, ஆனால் அது போலீஸ் மாதிரி அமலாக்கத் துறைகளின் வழக்குகளைப் பார்க்கிற இடம். எங்களுடையது இன்னும் போலீஸ் வரை போகவில்லை, கோவிலுக்குள்ளேயே நிற்கிறது, ரொம்ப மிஞ்சினால் சங்கப் பதிவகம் வரை போகும். அதனால் தனியாரைத் தேட வேண்டியிருந்தது.

கடைவீட்டு மாடி. பெயர்ப்பலகை சின்னது, தேடினால்தான் தெரியும். உள்ளே இரண்டே பேர்: ஒலியியல் படித்த ஓர் அம்மா, எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்புறம் ஒரு மலாய்க்கார இளைஞர், கோப்புகளையும் கருவிகளையும் பார்த்துக்கொள்கிறவர், தமிழ் ஓரளவு புரிகிறது அவருக்கு. போய் உட்கார்ந்ததும் பதிவைப் போட்டுக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். டாக்டர் கேட்கவே இல்லை. "இந்தப் பதிவை யாரு எடுத்தது, எந்த போன்ல எடுத்தது, எப்படி எடுத்தது, உங்ககிட்ட எப்படி வந்தது?" இதையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி பொறுமை இழந்து, "டாக்டர், அது என் குரல் இல்லன்னு ஒரு வாட்டி கேட்டாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றான். அவர் சொன்னது: "தம்பி, உங்க குரலா இல்லையான்னு நான் எப்பவுமே சொல்ல மாட்டேன். இந்தப் பதிவு எந்தப் பக்கம் எவ்வளவு பலமா நிக்குதுன்னுதான் சொல்லுவேன். அதுக்கு முதல்ல போன் உங்க குரலை என்ன பண்ணியிருக்குன்னு தெரியணும்."

இந்தச் சேவைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான். போன் குரலை அப்படியே கொண்டுவருகிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். இல்லை.

அவர் திரையில் காட்டியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தம்பி அந்த அறையில் மைக்கில் பேசியதை ஒரு படமாகப் போட்டார். கீழே தாழ்ந்த ஒலிகள், மேலே உயர்ந்த ஒலிகள், கறுப்பாக இருக்கிற இடத்தில் ஒலி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து உச்சிவரை நிரம்பியிருந்தது. பிறகு வாட்சாப்பில் சுற்றிய பதிவைப் போட்டார். 3400 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 3400 அதிர்வுக்கு, மேலே கத்தியால் அரிந்தது போல வெறுமை. அடியிலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தது. பழைய தொலைபேசி இணைப்புக்காக வைத்த அளவு அது, 300 முதல் 3400 வரை. பேச்சு புரிவதற்கு அது போதும், யார் பேசுகிறார் என்று அளந்து பார்ப்பதற்கு என்று யாரும் அதை வடிவமைக்கவில்லை. 'ஸ' மாதிரி சீறும் ஒலிகளின் பெரும்பங்கு 4000க்கு மேலே இருக்கிறது, அது போய்விட்டது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100, 120 ஹெர்ட்ஸ் சுற்றி இருக்கும், அதுவும் நேரடியாக வராது. அந்த அதிர்வின் மடங்குகளாக மேலே வருகிற ஒலிகளின் இடைவெளியை வைத்துத்தான் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள்.

போனது போகட்டும், இருப்பதாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உயிரெழுத்தைச் சொல்லும்போது தொண்டையும் வாயும் சேர்ந்து சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கின்றன, அந்த உச்சங்களுக்கு ஃபார்மண்ட் என்று பெயர். 'இ', 'உ' இரண்டுக்கும் முதல் ஃபார்மண்ட் ஆண்களுக்கு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும், அதாவது போன் வெட்டுகிற விளிம்பிலேயே. உச்சத்தின் தாழ்ந்த பக்கச் சரிவை போன் செதுக்கிவிடுவதால் அளக்கும்போது உச்சம் உயர்ந்த பக்கம் தள்ளிக் காட்டும். லேண்ட்லைனில் இப்படி நடப்பதை ஜெர்மனியின் கூன்ட்சல் 2001இல் எழுதி எச்சரித்தார். 2004இல் பர்ன், ஃபோல்க்ஸ் என்ற இருவர் கைப்பேசியை ஆராய்ந்தபோது முதல் ஃபார்மண்ட் சராசரியாக 29 விழுக்காடு உயர்ந்து காணப்பட்டது, இரண்டாவது பெரும்பாலும் அசையவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஒரே ஆளின் நேரடிக் குரலையும் போன் குரலையும் அளந்து எண்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆள் போலத் தெரியலாம், இரண்டு வேறு ஆளின் எண்கள் தற்செயலாக ஒட்டியும் போகலாம். இதைத் தெரியாமல் ஒரு சேவை விழுக்காடு கொடுக்கிறது, அதை நம்பி ஒருவனை வெளியே நிறுத்துகிறார்கள்.

கைப்பேசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேண்ட்லைன் வெட்டுவதோடு விட்டுவிடும், கைப்பேசி குரலைப் பிரித்து மறுபடி செய்கிறது. பேச்சை 20 மில்லி விநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இந்த மாதிரித் தொண்டை, இந்த மாதிரி அதிர்வு என்று சில எண்களை மட்டும் அனுப்பி, மறுமுனையில் அந்த எண்களிலிருந்து குரலைத் திரும்பக் கட்டுகிறார்கள். ஏஎம்ஆர் என்கிற அந்த முறையில் எட்டு தரம் இருக்கிறது, விநாடிக்கு 4.75 கிலோபிட்டிலிருந்து 12.2 வரை, சிக்னலைப் பொறுத்து ஒரே அழைப்புக்குள்ளேயே ஏறி இறங்கும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால் முந்தைய துண்டையே நீட்டி நிரப்பிவிடும். ஆகவே பதிவில் இருக்கிற சில நொடித்துகள்கள் பேசியவர் பேசாதவை. பேச்சு நின்ற இடத்தில் கேட்கிற லேசான இரைச்சல்கூட அந்த இடத்து இரைச்சலாக இருக்க வேண்டியதில்லை, போன் தானாகவே போட்டு நிரப்புகிறது. எங்கள் விஷயத்தில் இது முக்கியம், ஏனென்றால் "பின்னாடி கோவில் மணி கேட்குது, அவன் கோவில்லேருந்துதான் பேசியிருக்கான்" என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. டாக்டர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். மனிதக் குரலுக்கென்று செய்த முறைக்குள் வேறு எந்த உலோகச் சத்தம் போனாலும் சிதைந்துதான் வெளியே வரும். இது மணி, இது தட்டு, இது மோட்டார் சைக்கிள் என்று இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது என்று அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நம் ஊர் நிலவரம் இதில் நேரடியாக வருகிறது. 2021 முடிவில் மலேசியாவில் 3ஜியை மூடிவிட்டார்கள். இப்போது அழைப்பு 4ஜி வழியே போனால் அகலமான குரல் கிடைக்க வாய்ப்பு உண்டு, 7000 ஹெர்ட்ஸ் வரை. போனிலோ தொடர்பிலோ அந்த வசதி இல்லையென்றால் 2ஜிக்கு இறங்கி பழைய குறுகிய குரல். வாட்சாப் அழைப்போ குரல் செய்தியோ என்றால் ஓபஸ் என்ற வேறு முறை. எதிர்த்தரப்பு ஏற்றியது ஒரு பக்கம் போன் அழைப்பு, இன்னொரு பக்கம் வாட்சாப் குரல் செய்தி. இரண்டும் இரண்டு பாதை. அதோடு அந்த அழைப்பை நேரடியாகவும் பதிவு செய்யவில்லை. 2022க்குப் பிறகு ஆண்ட்ராய்டில் அழைப்பைப் பதியும் செயலிகளுக்கு கூகுள் கெடுபிடி போட்டுவிட்டதால் நிறையப் பேர் செய்கிற மாதிரி, போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். டாக்டர் இதைப் படத்திலிருந்தே சொன்னார், எதிரொலி அப்படி இருக்கிறதாம். அப்படியென்றால் தம்பி என்று சொல்லப்படுகிற அந்தக் குரல் ஒரு போன், தொலைத்தொடர்புப் பாதை, ஒரு சின்ன ஸ்பீக்கர், ஓர் அறை, இன்னொரு போனின் மைக், அதற்குப் பிறகு இன்னொரு சுருக்கம், இத்தனையும் தாண்டி நம் காதுக்கு வந்திருக்கிறது. என் குரலுக்கும் அந்த இணையச் சேவை தொண்ணூறுக்கு மேல் கொடுத்ததன் ரகசியமும் இங்கேதான் இருக்கக்கூடும் என்றார்: நானும் என் குரலை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிந்துதான் ஏற்றினேன், இயந்திரம் ஆளோடு சேர்த்துப் பாதையையும் ஒப்பிட்டுவிடும்.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது உண்மை. 1962இல் கெர்ஸ்டா என்பவர் குரலுக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு என்று எழுதியதில் தொடங்கிய பழக்கம் அது. தடயவியல் ஒலியியலாளர்களின் சர்வதேசச் சங்கம் 2007இல் அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தீர்மானமே போட்டுவிட்டது. ஆனாலும் வாட்சாப் குழுக்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன், காசு அங்கேதான் போகிறது. தம்பியை அமைதியான அறையில் உட்காரவைத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லவில்லை. வெளியே சாலையோரம் நிற்கவைத்து, 2ஜியில் கட்டிப்போட்ட ஒரு போனிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள், பேச்சும் அவனுக்குச் சூடேறுகிற விஷயமாகவே எடுத்தார்கள். சத்தத்தில் நிற்கிறவன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான், கூடவே சுருதியும் ஏறும். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதைக் கவனித்திருக்கிறார். கோபமும் அதைத்தான் செய்யும். கோபமான போன் குரலை நிதானமான அறைக் குரலோடு ஒப்பிட்டால் கிடைக்கிற வித்தியாசத்தில் எது ஆளால் வந்தது, எது கோபத்தால் வந்தது, எது போனால் வந்தது என்று பிரிக்க முடியாது. முந்தைய ஆண்டுக்கூட்டத்தில் அவன் எழுந்து நின்று வாதாடிய காணொளியையும் வாங்கிக்கொண்டார்கள். அது போன் குரல் இல்லை என்பதால் அதையும் அதே மாதிரிப் போன் பாதைக்குள் விட்டு, ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, இன்னொரு போனில் பதிந்து, அதற்குப் பிறகுதான் அளந்தார்கள்.

அப்புறம் மற்றவர்களின் குரல். ஒற்றுமை இருந்தால் மட்டும் போதாது, அந்த ஒற்றுமை ஊரில் எத்தனை பேரிடம் இருக்கும் என்பதும் தெரிய வேண்டும். அதற்கு இந்த அலுவலகத்தில் ஒரு சொத்து இருக்கிறது: மலேசியத் தமிழ் ஆண்களும் பெண்களும் ஒப்புதல் கொடுத்துப் பேசிய போன் பதிவுகளை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரர் குரலை வைத்து கிள்ளான்காரர் குரலை மதிப்பிட்டால் சரிப்படாது, நம் பேச்சு வேறு. இந்த வேலையை யாரும் கேட்காமலே இரண்டு பேர் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் வழக்கின் நிலைமையிலேயே அந்தப் பதிவுகளைச் சோதித்து, தங்கள் முறை எத்தனை தடவை தவறுகிறது என்பதையும் அறிக்கையில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், தமிழ் படித்தவர்களுக்குப் பிடிக்கும். தம்பி தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ழகரம் சுத்தமாக வரும் அவனுக்கு. பதிவில் இருக்கிற ஆள் "பழக்கம்", "கிழிச்சிடுவேன்" இரண்டையும் ளகரமாகத்தான் சொல்கிறார். நாக்கை மடித்துச் சொல்லும் ழகரத்தில் மூன்றாவது ஃபார்மண்ட் நன்றாகக் கீழே இறங்கும், அந்த இடம் போன் விட்டுவைக்கிற பகுதிக்குள்ளேயே இருப்பதால் அதை அளக்கவும் முடிந்தது. நாங்கள் இதோ முடிந்தது என்று துள்ளினோம். டாக்டர் ஆண்டுக்கூட்டக் காணொளியைப் போட்டார். ஆத்திரம் ஏறிய இடத்தில் தம்பியே "ஒளுங்கா கணக்குக் காட்டுங்க" என்கிறான். அதனால் இந்தச் சான்றுக்குக் கொஞ்சம்தான் எடை, அதற்கு மேல் இல்லை என்று எழுதிவிட்டார். காசு கொடுத்தவன் பக்கம் சாயாத அந்த ஒரு செயலுக்காகவே நான் இவர்களை நம்புகிறேன்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். எதிர்முனை "ம்ம்" எல்லாம் கழித்து, சத்தத்தில் மூழ்கிய இடங்களையும் கழித்தால், ஒப்பிடத் தகுந்த பேச்சு அரை நிமிஷத்துக்கும் குறைவு. அதில் கிடைத்த அளவுகள், தம்பி பேசியிருந்தால் வருவதைவிட வேறு ஒருவர் பேசியிருந்தால் வர ஓரளவு அதிக வாய்ப்பு உண்டு, ஆனால் இந்த ஆதரவு பலவீனமானது, மூலப் பதிவும் அது எடுக்கப்பட்ட போனும் கிடைத்தால் மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். தம்பிக்கு முதலில் ஏமாற்றம்தான். "இவன் இல்லை" என்று ஒரு வரி வரும் என்று காத்திருந்தான். ஆனால் எங்கள் லாயர் அந்த அறிக்கையைச் செயலவையில் வாசித்தபோது வேலை செய்தது அந்த நிதானம்தான். 96 விழுக்காடு என்று காட்டிய அந்தத் திரையின் படத்தை யாரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மூலப் பதிவு எடுத்த போனைக் கொண்டுவாருங்கள் என்று செயலவையே கேட்டது, போனை மாற்றிவிட்டேன் என்று பதில் வந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை, ஆனால் தம்பி கூட்டத்தில் உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை நாலாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு, பாதி முன்பணம், நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமென்றால் தனிக் கட்டணம். சாதாரணக் குடும்பத்துக்கு இது சுமை, தவணை வசதியும் கிடையாது. சொன்ன தேதியில் அறிக்கை வரவில்லை, நாங்கள்தான் அழைத்து அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டே பேர் என்பது புரிகிறது, இருந்தாலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்க் குரலைத் தமிழர் ஒப்பிட்டுத் தமிழ்க் கோவிலுக்குக் கொடுக்கிற அறிக்கையில் ஒரு பக்கமாவது தமிழ்ச் சுருக்கம் வைக்கலாம், இதை நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: பதிவு எடுத்த போனை அப்படியே கொண்டுபோங்கள், அதிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், வேறு வடிவத்துக்கு மாற்றாதீர்கள். வாட்சாப்பில் வந்த கோப்பின் பெயரில் இருக்கிற தேதி பேசிய தேதி இல்லை, உங்களுக்கு வந்த தேதி, அதை ஆதாரமாக நினைத்துவிடாதீர்கள். அழைப்பு எந்த நிறுவனத்தின் எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்ததை எழுதி எடுத்துப்போங்கள். வழக்கு நீதிமன்றம் போகும் என்றால் முதலில் லாயரிடம் பேசுங்கள்; 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் நிபுணர் கருத்துக்கு 45ஆம் பிரிவு, கணினியில் உருவான ஆவணங்களுக்கு 90ஏ பிரிவு இருக்கிறது, சான்றிதழ் எல்லாம் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். செயற்கையாகச் செய்த குரலா என்ற சோதனை தனி, அதற்கும் போன் குரல் என்றால் தடயங்கள் குறைவாகத்தான் எஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மோசடி அழைப்பில் பணம் போய்விட்டது என்றால் இங்கே வந்து நேரத்தைக் கழிக்காமல் உடனே 997க்கு அழையுங்கள்.

செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். காடியில் போனால் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். மாடிக்கு லிஃப்ட் இல்லை, வயதானவர்களின் குரல் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொன்னால் வீட்டுக்கே வருகிறார்கள். ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களிலும் நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும்.